ஒரு பாக்கெட்கூட வாங்காதவன் சிகரெட்டை விட்ட கதை

பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சிகரெட் பாக்கெட்டைக்கூட நான் காசு கொடுத்து வாங்கியதில்லை என்பதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஐந்தாறு பேராக மாடியிலிருந்து இறங்கிச் சந்து முனையில் இருக்கும் டீக்கடைக்குப் போவோம். டீயைக் கையில் வாங்கியதும் யாராவது ஒருவர் சிகரெட்டை நீட்டுவார். 'சும்மா கம்பெனிக்கு' என்று அதற்குப் பெயர். வீட்டில் பிடிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை பிடிப்பதில்லை, தனியாகப் பிடிப்பதில்லை; ஆகவே நான் புகை பிடிப்பவன் அல்லன் என்பது என் கட்சி. ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். இதைப் படிப்பவர்கள் யாரும் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். உண்மையை மறைத்தார் என்று காட்டி, பின்னால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகையையே மறுப்பதற்கு அந்த ஒரு சொல்லே காரணமாகிவிடலாம்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீப் பட்டறையை ஒட்டியே பெட்டிக்கடை. லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால், கடைக்கார அண்ணன் இன்றைக்கும் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்து, பக்கத்தில் ஒரு டப்பாவில் காலி சிகரெட் அட்டைகளை நீளவாக்கில் நறுக்கிப் போட்டிருப்பார். ஒரு துண்டை எடுத்து விளக்கில் காட்டிப் பற்ற வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தலைக்கு மேலே 'புகை பிடிக்கக் கூடாது' என்ற பலகை இருக்கும். பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்பதெல்லாம் அதற்குக் கீழே நின்று பிடித்த எங்கள் அனைவருக்கும் தெரியும்.

முதல் சில ஆண்டுகள் முழுக்க ஓசிதான். அலுவலகத்தில் அது பேச்சாகிவிடவே, மானத்துக்கு அஞ்சி அந்தக் கடையில் மாதக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். அப்போதும் சில்லறையாக ஒன்று, இரண்டுதான், பாக்கெட் இல்லை. போன ஆண்டு ஜனவரி முடிவில், நோட்டைக் கூட்டித் தரும்படி அண்ணன் என்னிடமே கொடுத்தார். என் பக்கத்தில் டீக்கு வட்டமும் சிகரெட்டுக்குக் கோடும் போட்டிருந்தார். 26 வேலை நாட்களுக்கு 139 கோடுகள். ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். யாராவது கேட்டால் 'நாளைக்கு ஒன்றோ இரண்டோ' என்று சொல்லி வந்தவனும் நான்தான். தவறு நோட்டில் இருக்கும் என்று நம்பி மறுபடியும் எண்ணினேன். அதே 139.

வீட்டில் சொன்னபோது மனைவி வியப்படையவில்லை. "ஞாயித்துக்கிழமை பதினொரு மணி ஆச்சுன்னா புள்ளையத் திட்ட ஆரம்பிச்சிருவீங்க. நான் கடிகாரமே பாக்குறதில்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பிடிக்காததைத்தான் நான் அடிமையில்லை என்பதற்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

விடுவதென்று முடிவு செய்ததும், உதவி எண் ஒன்று பாக்கெட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னார். சில்லறையில் வாங்குகிறவன் கையில் பாக்கெட் எங்கே வரும்? அட்டையின் 85 விழுக்காட்டை அடைக்கும் அந்தப் படத்தையும் எச்சரிக்கையையும் பன்னிரண்டு ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் நிதானமாகப் பார்த்ததில்லை. அண்ணன் நறுக்குவதற்காக வைத்திருந்த காலி அட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கித்தான் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைக் குறித்துக்கொண்டேன். நான் அழைத்தது திங்கட்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள் அவர்களுக்கு விடுமுறை. அதையே சாக்காக வைத்து அன்றைக்கு இரண்டு கூடுதலாகப் பிடித்தேன். மறுநாள் தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். எப்போது, எங்கே, யாரோடு என்று கேட்டுவிட்டு, விடும் நாளை என்னையே குறிக்கச் சொன்னார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்கள். நான் பிப்ரவரி 10 என்று குறித்தேன். அது எவ்வளவு மடத்தனமான தேதி என்பது பின்னால் தெரிந்தது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர், "எங்க வலி?" என்றார். வலி எதுவும் இல்லை, சிகரெட்டை விட வேண்டும் என்றேன். "அப்ப விட்டுற வேண்டியதுதானே?" என்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்ல, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெஞ்சகப் பிரிவுக்குச் சீட்டுக் கொடுத்தார். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, இது மனநலப் பிரிவில் பார்க்க வேண்டியது என்று அனுப்பினார்கள். அங்கே போனால், புகையிலையை விடுவதற்கான ஆலோசனை வியாழக்கிழமை மட்டும்தான் என்றார்கள். அரை நாள் விடுப்பு போயிற்று. போகிறவர்கள் எந்தக் கிழமை, எந்த அறை என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த எரிச்சலில் வெளியே வந்து, எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிப் பற்ற வைத்தேன். பாதி கரைந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. 'தனியாகப் பிடிப்பதில்லை' என்ற கட்சி அந்த இடத்தில் கலைந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் போனேன். ஆலோசகர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். நிகோட்டினுக்கு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறோம் என்பதை அளக்க உலகெங்கும் பயன்படுத்தும், பாகர்ஸ்ட்ரோம் என்பவர் பெயரிலான ஆறு கேள்விகள், மொத்தம் 10 மதிப்பெண். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது முதல் கேள்வி; ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் சுழியம். நாளைக்கு எத்தனை என்பதற்கு 10 வரை சுழியம். அன்றைய முதல் சிகரெட்டைத்தான் விட மனம் வராது என்று நான் சொன்னதற்கு மட்டும் ஒன்று கிடைத்தது. பத்துக்கு ஒன்று! "உங்களுக்கு அடிமைத்தனமே இல்லையே சார், மன உறுதி இருந்தால் போதும்" என்று அவர் கைகொடுத்து அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், படிவம் அப்படித்தான் சொல்லிற்று; ஆனால் ஒரு மாதத்தில் விழுந்த 139 கோடுகளை நிறுத்த முடியாமல் அங்கே போய் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பாராட்டு எப்படி எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிப்ரவரி 10 அன்று மன உறுதியோடு 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம்மும் வாங்கினேன். மருந்துக்கடையில் எப்படி மெல்வது என்று யாரும் சொல்லவில்லை. நானும் உள்ளே இருந்த தாளைப் படிக்கவில்லை. சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கியதில் தொண்டை எரிந்தது, விக்கல் பிடித்தது, வயிறு புரட்டியது. சூடான டீயோடு மென்ற நாட்களிலோ ஒரு பயனும் இல்லை. இதற்கிடையில் நான்காம் நாள் முதல் நெஞ்சு படபடத்தது, இரவில் உறக்கம் இல்லை. மாரடைப்பு என்றே முடிவு செய்து, அண்ணா நகரில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் ஓடினேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எத்தனை டீ?" என்று கேட்டார். ஆறு என்றேன். சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் டீ, காபியில் இருக்கும் காஃபீனைக் கல்லீரல் விரைவாகக் கழிக்கும்படி செய்துவிடும் என்றும், புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே ஆறு டீ உடம்பில் ஏறத்தாழ இரு மடங்காக வேலை செய்யும் என்றும் விளக்கினார். டீயைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் உறக்கம் வந்துவிட்டது. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு இ.சி.ஜி. செலவும் ஓர் இரவின் மரண பயமும் மிச்சமாகியிருக்கும்.

சூயிங்கம்மை மெல்லும் முறையையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். மிளகு கடித்தாற்போல நாக்கில் சுரீரென்று ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்தக் காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் டீ, காபி, எலுமிச்சை சோடா எதுவும் கூடாது, ஏனென்றால் வாயில் புளிப்பு ஏறினால் மருந்து உள்ளே இறங்காது. பதினொரு மணி டீயை விட எனக்கு மனம் இல்லை. ஆகவே பத்து இருபதுக்கு ஒன்றை வாயில் போட்டு, டீக்கு இறங்கும் முன் துப்பிவிடுவது என்று வழி செய்துகொண்டேன்.

பத்துக்கு ஒன்று வாங்கியவனால் ஏன் விட முடியவில்லை என்று கேட்டேன். இழுத்த புகையின் நிகோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொடுகிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைகிறது என்றார். அந்த நொடிகளில் கையில் டீ கிளாஸும் பக்கத்தில் சிரிப்புமாக இருந்து பழகிய மூளை, சிகரெட்டின் எண்ணிக்கையைவிட அந்த நேரத்தையும் இடத்தையும் ஆட்களையும் பிடித்துக்கொள்ளும். பதினொரு மணி அடித்ததும் அதுவாகவே கேட்கும். கொஞ்சமாகப் பிடித்ததற்குத் தீங்கும் கொஞ்சமாகத்தானே இருக்கும் என்றேன். நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து, 20 பிடிப்பவருக்குக் கூடுவதில் இருபதில் ஒரு பங்கு அன்று, ஏறத்தாழ பாதி என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முதல் மூன்று நாட்கள்தான் மோசம் என்பார்கள்; அவை கடந்தன. நான் விழுந்தது பதினோராம் நாள். பிப்ரவரி 20. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் தொழிலில் இருப்பவர்களுக்கு, தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாதம் முழுவதும் கேட்டும் தராத பில் கட்டைச் சாயங்காலம் ஆறரைக்குக் கொண்டுவந்து மேசையில் போடும் வாடிக்கையாளர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஒன்பது மணிக்குக் கீழே இறங்கியபோது, "ஒண்ணே ஒண்ணு மாப்ள, செத்தா போயிருவ?" என்று நீட்டினான் சக ஊழியன். தலை சுற்றியது; ருசிகூட இல்லை. ஆனால் மறுநாள் மூன்று, அந்த வாரம் முடிவதற்குள் பழைய ஐந்து.

மறுபடி குறித்த நாள் மார்ச் 21. அதாவது தாக்கல் முடிந்த மறுநாள், அடுத்த நெருக்கடிக்கு முன் என்னிடம் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்தது. உங்கள் தொழிலில் எந்த நாள் நெருக்கடி என்று பார்த்துக்கொண்டு, அதற்கு அடுத்த நாளைக் குறியுங்கள். ஏப்ரல் 20 அன்று பிளாஸ்கில் டீ வரவழைத்து மாடியிலேயே குடித்தேன். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள், செய்யட்டும். சூயிங்கம்மை 12 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அதன் பிறகு ஒன்றும் தொடவில்லை.

ஏப்ரல் முடிவில் கடைக் கணக்கைத் தீர்க்கப் போனேன். நான் ஒன்றுகூடப் பிடிக்காத அந்த மாதத்தில் என் பெயருக்கு நேரே 11 கோடுகள் இருந்தன. விசாரித்ததில், நம்ம பயல்கள் இருவர் என் கணக்கில் எழுதச் சொல்லிப் பிடித்திருக்கிறார்கள். கோபம் வந்தது, பிறகு நான் பிடித்த பழைய ஓசிகளை எண்ணிப் பார்த்துப் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள் என்றேன். அண்ணன் மறுக்காமல் கிழித்து, அதை நீளவாக்கில் நாலாக மடித்து நறுக்கி, பற்ற வைப்பதற்கு ஆகுமே என்று விளக்குப் பக்கத்து டப்பாவில் போட்டுக்கொண்டார்.