குசினி ஸ்பொஞ்ச் மணக்காமல் இருக்க

யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன் சமைத்த நாளில் எங்கள் குசினி ஸ்பொஞ்சை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக ஏலாது. சவர்க்காரம் போட்டுப் பிழிந்தால் மட்டும் அந்த வெடுக்குப் போகாது. முதலில் இடுக்கில் சிக்கிய சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். பிறகு ஒரு கோப்பையில் வினாகிரி ஊற்றி, ஸ்பொஞ்ச் மூழ்க 5 நிமிடம் ஊறவிடுவேன். வினாகிரி இல்லையா, சரி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுக் கசக்கினாலும் வெடுக்குக் குறையும். கிருமிக்கு நான் நம்புவது கொதிநீரைத்தான். சட்டியில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் இறுகப் பிழிந்து, மதிலில் வெயில் படக் காயவைப்பேன். ஈரமாகவே கிடந்தால் செய்த வேலை முழுக்க வீண். வினாகிரியோடு பிளீச்சை மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

2017 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் பாவித்த ஸ்பொஞ்சுகளைச் சோதித்தார்கள். அடிக்கடி சுத்தப்படுத்தியவற்றிலும் கிருமி குறைவாக இருக்கவில்லை. வாரம் ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. பிய்ந்தாலோ மணம் திரும்பினாலோ உடனே குசினியை விட்டு எடுத்து, குளியலறை கழுவ வைத்துக்கொள்வேன். மீன் சட்டிக்கு இப்போது தேங்காய்த் தும்புதான்.