30 டைமருக்கு டப்பா தேடியது

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொட்டுநீர் மோட்டார் டைமர் செய்து கொடுக்கிறேன். இந்த முறை 30 பீஸ். சர்க்யூட்டும் புரோகிராமும் பத்து நாளில் முடிந்துவிட்டன. பட்டனும் டப்பாவும் அமைவதற்குத்தான் இரண்டு மாதம் ஆனது.

முதல் மாதிரியில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் 4க்கு 4 மெம்பிரேன் கீபேடை (மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வரும் பட்டன் வரிசை) ஒட்டியிருந்தேன். விலை குறைவு, பின்னால் பசை இருக்கிறது, எட்டே கம்பியில் 16 பட்டன், எண்களோடு ஏ, பி, சி, டி எழுத்துகளும். தோப்புக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த ‘பி’ எதுக்குங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வேண்டியது ஆன், ஆஃப், நேரம் கூட்ட, குறைக்க. நாலு பட்டன் போதும். போதாக்குறைக்கு வெயிலில் பசை இளகி ஓரம் கிளம்பியது. கீபேடின் பட்டைக் கம்பி (ரிப்பன்) நுழையும் ஓட்டை வழியாகத் தண்ணீரும் இறங்கியது.

நமக்கென்று தனியாக மெம்பிரேன் அடிக்கக் கேட்டேன். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சடிக்க ஒரு ஸ்கிரீன், வடிவமாக வெட்டுவதற்கு ஒரு டை. 30 அடித்தாலும் 3000 அடித்தாலும் அந்தச் செலவு அதேதான். அதனால் அதை விட்டுவிட்டு, சர்க்யூட் போர்டிலேயே நாலு டேக்ட் சுவிட்ச் (அழுத்தினால் ‘டிக்’ என்னும் குட்டி பட்டன்) வைத்தேன். மூடியில் நாலு துளை, அதன் மேல் பாலிகார்பனேட் ஸ்டிக்கர். எழுத்தைப் பின்பக்கம் அச்சடிக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நகம் பட்டு அழியாது. சுவிட்சின் தண்டு உயரத்தில்தான் நிறையத் தடுமாறினேன். கொஞ்சம் உயர்ந்தால் ஸ்டிக்கர் புடைக்கிறது, தாழ்ந்தால் அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. ஒரே சுவிட்ச் பல உயரத்தில் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து வாங்கிப் பார்த்து முடிவு செய்தேன்.

டப்பாவை முதலில் த்ரீடி பிரிண்டரில் அடித்தேன். அதில் போட்ட பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில், வெயில் படும் சுவரில் மாட்டியதும் மூடி வளைந்துவிட்டது. டப்பா வார்க்கச் சொந்தமாக அச்சு (மோல்டு) வெட்டுவதென்றால் லட்சக்கணக்கில் ஆகும்.

அதனால் சென்னை போனபோது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ரெடிமேட் டப்பா தேடி ஒரு நாள் முழுக்க அலைந்தேன். நல்ல ஏபிஎஸ் பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தன, ஆனால் என் போர்டு எதிலும் உட்காரவில்லை. மூலையில் இருக்கும் ஸ்குரூ தூண்கள் இடத்தைத் தின்றுவிடுகின்றன. கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரிக் கடையிலேயே, ரப்பர் வாஷர் வைத்த ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கிடைத்தது. வெர்னியர் அளவுகோலால் உள்ளளவு எடுத்து, போர்டை அதற்கேற்பத் திரும்ப வரைந்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

30 போதும் என்றாலும் 35 டப்பா ஒரே தடவையில் வாங்கிவிட்டேன். அடுத்த லோடில் வேறு அச்சு வந்து, தூண் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் போர்டு உட்காராது. ஒயர் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கம் மட்டும் போட்டு, ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட் மாட்டினேன். தோப்பில் மழையைவிட எறும்புக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேவுக்குள் ஒரு எறும்பு நசுங்கினாலும் மோட்டார் ஓடாது.

இதுவரை 22 மாட்டியாயிற்று. மீதி எட்டுக்கும் ஸ்டிக்கரில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி எடுத்துவர மறந்தாலும் படிக்க முடியவேண்டும்.