பில்டர் கழுவப்போய் இரண்டு கிழமை பட்ட பாடு

பில்டரைத் திறந்து கழுவிப் பூட்ட அரை மணித்தியாலந்தான் எடுத்தது. அதால் வந்த வினையைச் சரிக்கட்ட இரண்டு கிழமை போனது. 200 லீற்றர் மீன் தொட்டி, தொட்டிக்கு வெளியே மூடிய வாளி மாதிரி நிற்கும் கனிஸ்டர் பில்டர், ஏழு ஏஞ்சல் மீன். அதில் இரண்டு செத்துப்போயின. இன்னும் மனம் ஆறவில்லை.

தண்ணீர் வரத்துக் குறைந்ததால் சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். "பழசு நாறும், எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோ" என்று புதுப் பஞ்சு, புது செரமிக் வளையம், கரி எல்லாம் கட்டித் தந்தார்கள். மிஞ்சியது பழைய ஸ்பொஞ்ச் மட்டும். அதையும் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து கழுவினேன்.

ஸ்பொஞ்சிலும் வளையத்திலும் வழுவழுவென்று மண்ணிறத்தில் ஒட்டியிருக்கும் படையில்தான், மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா குடியிருக்கிறது. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லப் போடுவது இந்தக் கிருமியை மட்டும் விட்டுவைக்குமா?

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் படபடவென்று அடித்தது. தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவு. தெளிவை நம்பாதீர்கள், சோதனைக் குப்பியை நம்புங்கள்: அமோனியா 2 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு). வெப்பமும் பி.எச்.சும் கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். நம்மூர்த் தொட்டி 29 பாகையில் நிற்பது, ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருக்க முடியாது.

உடனே பாதித் தண்ணீர் மாற்றினேன், பிறகு தினமும் 30 சதவீதம். எல்லாம் குளோரின் நீக்கி ஊற்றிய தண்ணீர். தீனியை நிறுத்தினேன். கரி அமோனியாவைப் பிடிக்காது, அதை நம்பி இருக்க வேண்டாம். கைகொடுத்தது நண்பர் ஒருவரின் பில்டரில் ஓடிக்கொண்டிருந்த வளையங்கள் ஒரு பிடி. காயவிடாமல் அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து போட்டேன். ஆறாம் நாள் அமோனியா இறங்க, நைத்திரைற்று ஏறியது. அதற்கு அயடின் சேராத கட்டி உப்பு, லீற்றருக்கு 1 கிராம் கணக்கில் 200 கிராம், வாளியில் கரைத்து மெதுவாக ஊற்றினேன். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போவதை மறிக்கும். பதினாலாம் நாள் இரண்டும் பூச்சியம்.

இப்போது செய்வது இப்படி. தொட்டித் தண்ணீர் ஒரு வாளி எடுத்து, ஸ்பொஞ்சை அதற்குள் நாலைந்து தரம் பிழிவதோடு சரி. மண்ணிறம் போகத் தேவையில்லை. வளையத்தை அதே தண்ணீரில் அலசினால் காணும். உடைந்து தூளாகும் வரை அதை மாற்ற வேண்டியதே இல்லை. மாற்றினாலும் பாதி மட்டும், மற்றப் பாதி ஆறு கிழமை கழித்து. வெள்ளைப் பஞ்சை மட்டும் தாராளமாக வீசுங்கள். கரியைத் தூள் போகக் கழுவிப் போடுங்கள், மீனுக்கு மருந்து போடும் நாட்களில் வெளியே எடுத்துவிடுங்கள்.

பில்டர் மூடியின் றப்பர் வளையத்துக்காகப் புறக்கோட்டைக்கு ஒரு வீண் அலைச்சல். விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு போனேன். தடிப்புப் பிழைத்து இரவு முழுக்கத் தண்ணீர் கசிந்தது. பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பூசுவதற்கு சிலிக்கன் கிறீஸ் வாங்குங்கள். வாசலீனுக்குச் சிலவகை றப்பர் ஊதிவிடும்.

இன்னொன்று, கரண்ட் வெட்டு. 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் மறக்காது. மூடிக் கிடக்கும் கனிஸ்டருக்குள் ஒட்சிசன் தீர்ந்து பக்ரீரியா சாகத் தொடங்கும். சில மணித்தியாலம் கடந்து கரண்ட் வந்தால் அப்படியே போடாதீர்கள். முதலில் திறந்து மணந்து பாருங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரால் அலசி, பிறகு ஓட விடுங்கள்.