இரண்டு குரல் ஆக்டிவ் பிக்கப்: கிட்டாருக்குள் வயரை ஒழுங்காக அடுக்கிய அனுபவம்

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம். பேட்டரி இல்லாத சாதாரண பாசிவ் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) இரண்டு இருக்கும் கிட்டாரில் வயர் எப்படிப் போனாலும் பாட்டு வரும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பில் அது நடக்காது. ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் மாதிரி ஒரே பிக்கப்பில் இரண்டு குரல் (இரண்டு விதமான ஒலித் தன்மை) உள்ள வகையில், ஒவ்வொன்றிலிருந்தும் சிக்னல், எர்த், 9 வோல்ட் பாசிட்டிவ், குரல் மாற்றும் வயர் என்று குறைந்தது நான்கு வரும். இரண்டு பிக்கப்புக்கு எட்டு. பேட்டரிக்கு இரண்டு, ஜாக்குக்கு மூன்று. மூன்றாவது குரலும் வேண்டுமென்றால் பிக்கப்புக்கு இன்னும் ஒன்று. இத்தனையும் உள்ளங்கை அகலக் குழிக்குள் அடங்கி, பின் மூடி அழுத்தாமல் உட்கார வேண்டும். புதுச்சேரியில் இரண்டு ஹம்பக்கர் கிட்டார் ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்த முறை இது.

வயர்களைப் பிக்கப் வாரியாகப் பிரிக்காமல் வேலை வாரியாகப் பிரித்ததுதான் எல்லாவற்றையும் எளிதாக்கியது. கரண்ட் ஒரு கட்டு, சிக்னல் ஒரு கட்டு, குரல் மாற்றும் வயர்கள் ஒரு கட்டு. ஃப்ளூயன்ஸில் குரல் வயர் எதிலும் படாமல் இருந்தால் முதல் குரல், எர்த்தில் பட்டால் இரண்டாவது குரல். அதற்குள் இசை போவதில்லை. அதனால் மெல்லிய வயர் போதும், குழியின் ஓரமாகச் சுற்றிக்கொண்டும் போகலாம். சிக்னல் வயருக்குத்தான் குறுக்கு வழி வேண்டும்.

பொருள்கள்: வால்யூமுக்கும் டோனுக்கும் 25கே (25 கிலோ ஓம்) லாக் பாட் இரண்டு; பாட் என்பது நாபின் கீழே இருக்கும் மாறும் மின்தடை, லாக் என்பது லாகரிதமிக் வகை. அதில் ஒன்று புஷ்-புல், அதாவது நாபை இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்வது. ஸ்டீரியோ ஜாக். டோனுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். 24 கேஜ் மல்டி ஸ்ட்ராண்ட் வயர் நான்கு நிறத்தில். 60/40 சால்டரிங் லெட், 0.8 மி.மீ. ஒரு துண்டு வெரோ போர்டு (செம்புப் பட்டைகளும் ஓட்டைகளும் உள்ள போர்டு). மூன்று பின் ரிலிமேட் கனெக்டர். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், காப்பர் ஃபாயில் டேப். புஷ்-புல் பாட் மட்டும் கிட்டார் பாகம் விற்கும் இடத்தில் வாங்க வேண்டும், மற்றவை டி.வி. மெக்கானிக்குகள் போகும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும். சாதா பாட் 25கேயில் இல்லையென்றால் 22கே லாக் போடலாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ‘பி’ என்று அச்சடித்த லீனியர் பாட்டைத் தந்தால் வாங்காதீர்கள்.

பழைய 500கே பாட்டையே விட்டுவிடலாமா என்று பலரும் கேட்பார்கள். கூடாது. 500கே பாட்டின் நடு இடத்தில் வெளியே தெரியும் மின்தடை 125கே வரை ஏறும். கேபிளின் கெபாசிட்டன்ஸ் 500 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி மங்க ஆரம்பிக்கும். 25கே பாட்டில் அதே இடத்தில் தடை 6கே சொச்சம்தான், மங்கும் எல்லை 50,000 ஹெர்ட்ஸுக்கு அப்பால் போய்விடும். வால்யூமைக் குறைத்தாலும் ட்ரெபிள் அப்படியே நிற்பது ஆக்டிவ் பிக்கப்பின் பெரிய லாபம். தவறான பாட் போட்டு அதை இழக்க வேண்டாம்.

கிட்டாருக்குள் கையை விட்டுச் சால்டர் செய்யாதீர்கள். குழியின் மேல் கெட்டியான அட்டையை வைத்து, ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, வெட்டி, பாட்களையும் பிக்கப் தேர்வு ஸ்விட்சையும் அந்த அட்டையில் முடுக்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து பார்க்கும் நிலையிலேயே இருக்க வேண்டும்; முன்பக்கம் வைத்துக் குறித்தால் இடம் வலம் மாறி மொத்தமும் தலைகீழாகும். புஷ்-புல் பாட் சாதா பாட்டைவிட ஆழம் அதிகம் கேட்கும் என்பதால், குழியின் ஆழத்தை அளந்த பிறகு வாங்குங்கள்.

வெரோ போர்டுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. நான்கு பட்டை, பட்டைக்கு ஆறு ஓட்டை உள்ள துண்டு போதும். முதல் பட்டை 9 வோல்ட் பாசிட்டிவ்: பேட்டரியின் சிவப்பு, இரண்டு பிக்கப்பின் பாசிட்டிவ். இரண்டாவது பட்டையைக் காலியாக விடுங்கள். மூன்றாவதும் நான்காவதும் எர்த், நடுவில் ஒரு ஜம்பர். அந்தக் காலிப் பட்டை வீண் இல்லை: லெட் வழிந்தாலும் பாசிட்டிவும் எர்த்தும் ஒட்டிக்கொள்ளாது. வயர்களை முறுக்கி டேப் சுற்றிக் குழிக்குள் திணித்த வேலைகள் நம் ஊர்க் கிட்டார்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். கடல் காற்றுக்கு அந்த டேப்பின் பசை இளகி, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கழன்றுவிடும்.

பேட்டரியின் கறுப்பு வயரை எர்த் பட்டையில் வைக்கக் கூடாது. எர்த் என்றாலே கறுப்பு என்று கை தானாக அங்கேதான் போகும். அது ஸ்டீரியோ ஜாக்கின் ரிங் காலுக்குப் போக வேண்டும். ஸ்டீரியோ பிளக்கின் முனையைத் தொடுவது டிப், நடு வளையத்தைத் தொடுவது ரிங், உடம்பைத் தொடுவது ஸ்லீவ். ஸ்லீவ் காலில் எர்த், டிப் காலில் சிக்னல். மோனோ பிளக்கைச் சொருகும்போது அதன் உடம்பு ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்துத் தொடும். அப்போதுதான் பேட்டரிக்குச் சுற்று முழுமையாகும். கறுப்பை எர்த்தில் வைத்தால் கிட்டார் பையில் தூங்கும்போதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஜாக்கில் எது ரிங் என்று கண்ணால் ஊகிக்க வேண்டாம். ஒரு ஸ்டீரியோ பிளக்கைச் சொருகி, அதன் நடு வளையத்துக்கும் ஒவ்வொரு காலுக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

புஷ்-புல்லில் இரண்டு வரிசைக் கால்கள், வரிசைக்கு மூன்று. ஒரு வரிசை ஒரு பிக்கப்புக்கு. நடுக்காலில் குரல் வயர், நாபை மேலே இழுத்தால் நடுவோடு சேரும் காலில் எர்த். அது எந்தப் பக்கக் கால் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; இழுத்து, மீட்டரால் பார்த்துவிட்டு லெட் வையுங்கள். மூன்றாவது காலை வெறுமனே விடுங்கள். குரல் மாறும்போது சின்ன ‘டப்’ சத்தம் வரலாம், அது பழுது இல்லை.

சால்டர் செய்யும்போது பிக்கப்பின் கனெக்டர்கள் கழன்றே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து மீட்டர் சரி சொன்ன பிறகே சொருக வேண்டும். ஜாக்குக்குப் போகும் மூன்று வயரையும் ரிலிமேட் வழியாக விட்டால், பின்னாளில் ஜாக்கை மட்டும் மாற்ற மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வயரிலும் 3 செ.மீ. தளர்வு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இரைச்சலைத் தடுக்கக் குழிக்குக் காப்பர் டேப் ஒட்டினால், துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு பொட்டு லெட் வையுங்கள். பசை கரண்ட் கடத்தாத டேப்தான் கடையில் அதிகம். பிறகு பாட்களின் அடியிலும் பேட்டரி உட்காரும் இடத்திலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பேட்டரியின் முனை காப்பரில் பட்டால் நேரடி ஷார்ட்.

பிரிட்ஜுக்கு (தந்திகள் உட்காரும் உலோகப் பாகம்) எர்த் வயர் வேண்டாம் என்று இ.எம்.ஜி. என்ற ஆக்டிவ் பிக்கப் கம்பெனி சொல்வது அவர்கள் பிக்கப்புக்கு. மற்றவற்றுக்கு, பெட்டியில் வரும் படம் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். பிரிட்ஜை எர்த் செய்தால், வாசிக்கப்போகும் மேடையில் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்துவிட்டுத் தந்தியில் கை வையுங்கள். தற்காலிகப் பந்தல் மேடைகளில் இது உயிர் விஷயம்.

பேட்டரி போடும் முன் சோதனை. பாசிட்டிவ் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கக் கூடாது. பிக்கப் சொருகிய பின் ஒரு நொடி அடித்து நின்றால் அது உள்ளே கபாசிட்டர் சார்ஜ் ஆவது; நிற்காமல் அடித்தால் ஷார்ட். அடுத்து, பேட்டரி கிளிப்பின் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே பிளக் இல்லாதபோது அமைதி, சொருகியதும் பீப். கடைசியாக மீட்டரை மில்லி ஆம்பியரில் பேட்டரியோடு வரிசையாக வைத்தால், பிளக் இல்லாமல் பூஜ்யம், இருந்தால் சில மில்லி ஆம்பியர். பல பத்துகளில் காட்டினால் உடனே கழற்றுங்கள். ஒரு பிக்கப் மட்டும் கீச்சென்று உடைந்த ஒலி தந்தால் பெரும்பாலும் அதன் பாசிட்டிவ் வயர் பட்டையில் பிடிக்கவில்லை. ஒரு பிக்கப் மட்டும் குரல் மாறாவிட்டால் புஷ்-புல்லின் அந்த வரிசையைப் பாருங்கள்.

பேட்டரியில் 6எஃப்22 என்று இருந்தால் அது விலை குறைந்த ஜிங்க் கார்பன். 6எல்ஆர்61 என்று இருப்பது அல்கலைன், அதையே போடுங்கள். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் கிளிப்பின் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். அதைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பிளக் சொருகிய நிலையில் பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். ஓங்கி அடிக்கும்போது ஒலி கரகரப்பதும் அதற்குத்தான். எந்தப் பட்டையில் என்ன, எந்த நிறம் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள், அடுத்து திறப்பது வேறு யாராகவும் இருக்கலாம்.