கிரெச்சோ: தீவனத்தொட்டியைச் சுற்றி நின்றவர்கள்

ரோமிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போனால் ரியேத்திப் பள்ளத்தாக்கு வருகிறது. நடுவில் உழுத நிலம், சுற்றிலும் மலை. அந்த மலைகளில், பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிய புனித அசிசி பிரான்சிஸ் தங்கி ஜெபித்த நான்கு இடங்கள் இன்று திருத்தலங்களாக இருக்கின்றன: ஃபோந்தே கொலொம்போ, போஜ்ஜோ புஸ்தோனே, லா ஃபொரெஸ்தா, கிரெச்சோ. நான் போனது கிரெச்சோவுக்காக. 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, பிரான்சிஸ் குடில் அமைத்த ஊர் அது.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்கில் கிறிஸ்மஸ் நாடகம் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சின்ன வயதில் இடையனாக நின்றேன். இப்போது மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறேன். நவம்பர் பிறந்தால் ஒத்திகை, டிசம்பரில் துணி, ஜிகினா, தெர்மாகோல் சிறகு, அப்புறம் நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்னால் நாடகம். பார்க்கிறவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நடித்தவர்களுக்குள் மட்டும் அது தங்கிவிடுகிறது. அதன் ஊற்று இருக்கும் இடத்தில் ஒருமுறையாவது முழந்தாளிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என் சித்தி மகள் ரோமில் கன்னியர் மடத்தில் இருக்கிறாள். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். திபுர்த்தீனா நிலையத்திலிருந்து ரியேத்திக்குப் பேருந்து, அங்கிருந்து மலையடிவாரம், பிறகு மேலே. டிசம்பர்க் குளிர் எலும்பைத் தொட்டது. "அண்ணே, மப்ளரைக் காதோட சேத்துக் கட்டுங்க, பெறகு காய்ச்சல்னு படுத்துக்காதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திருத்தலம் ஊரிலிருந்து தள்ளி, பாறையில் அப்பிய தேன்கூடு மாதிரி இருக்கிறது. உள்ளே எல்லாமே சிறியது. மரத்தால் ஆன பழைய ஜெபக்கூடம், துறவிகள் படுத்துறங்கிய குறுகலான தடுப்புகள், பிரான்சிஸ் படுத்த இடம் என்று காட்டுகிற வெறும் பாறை. இவற்றுக்கெல்லாம் கீழே, பாறையைக் கூரையாகக் கொண்ட ஒரு சிற்றாலயம். குடில் அமைந்த இடம் இதுதான் என்பது வழிவழி நம்பிக்கை. பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்ட 1228-லேயே இங்கே பீடம் எழுப்பிவிட்டார்கள். பீடத்துக்கு மேலே பழைய சுவரோவியம். ஒரு பகுதியில் பெத்லகேமில் மரியா குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். இன்னொரு பகுதியில் கிரெச்சோவில் பிரான்சிஸ் தொட்டியின் முன் முழந்தாளிட்டிருக்கிறார். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஓவியர் அவற்றை ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில் தீட்டிவிட்டார். அந்தச் சுவரை விட்டு வர எனக்கு மனமில்லை. கூட்டம் அதிகமில்லாததால் யாரும் நகரச் சொல்லவும் இல்லை.

அந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் செலானோ ஊர் தோமா எழுதிய வரலாற்றிலிருந்து வருகிறது. பிரான்சிஸ் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது அது. 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஹோனோரியுஸ் பிரான்சிஸ் சபையின் ஒழுங்குகளை உறுதிப்படுத்தினார். அடுத்த மாதம் பிரான்சிஸ் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார். கிறிஸ்மஸுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, கிரெச்சோவின் பெருந்தனக்காரரான ஜொவான்னி என்ற நண்பரை அழைத்துத் தன் ஆசையைச் சொல்கிறார். பெத்லகேமில் பிறந்த குழந்தை பட்ட சிரமத்தை, மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் வைக்கோல்மேல் அது கிடந்ததை, என் கண்ணால் காண வேண்டும் என்கிறார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். கண்ணால் காண வேண்டும் என்று கேட்டவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. 1219-இல் எகிப்துக்குப் போனவர் கண்நோயோடுதான் திரும்பினார். பின்னாளில் இதே பள்ளத்தாக்கின் ஃபோந்தே கொலொம்போவில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுச் சிகிச்சை செய்தார்கள். பலனில்லை. 1226 அக்டோபரில் இறக்கும்போது அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. பார்வை போகிற காலத்தில் ஒரு மனிதர் கடைசியாகப் பார்க்க ஆசைப்பட்டது, மாடு மூச்சுவிடும் தூரத்தில் கிடக்கும் ஒரு குழந்தையை. நாடகம் எதற்கு, வாசகம் போதாதா என்று பங்கில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கண்கள்தான் நினைவுக்கு வரும்.

அதற்கு முன்பு நாடகமே இல்லை என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் பேராலயங்களிலும் மடங்களிலும் 11-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்து பிறப்பின்போது பீடத்தருகே இடையர் காட்சியை இலத்தீனில் பாடி நடித்திருக்கிறார்கள். நடித்தவர்கள் குருக்களும் துறவிகளும். மக்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். கிரெச்சோவில் நடந்தது வேறு. சுற்றுப்புறத்து ஆணும் பெண்ணும் தங்களால் இயன்ற மெழுகுதிரியும் தீப்பந்தமும் செய்து எடுத்துக்கொண்டு இரவில் மலையேறி வந்தார்கள். காடு அவர்கள் குரலால் நிறைந்தது என்கிறார் செலானோ. தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குரு ஆகவில்லை. குருவுக்கு அடுத்த நிலையான திருத்தொண்டருக்குரிய உடையில் நின்று நற்செய்தியைப் பாடினார், மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்து, நாவில் இனிப்புப் பட்டவர்போல உதட்டைச் சப்பிக்கொண்டாராம்.

அந்த வரலாற்றில் மரியாவாக யார் நின்றார், சூசையாக யார் நின்றார் என்று தேடிப்பாருங்கள், கிடைக்காது. நடிகர்களும் இல்லை, சுரூபங்களும் இல்லை. ஒரு தொட்டி, வைக்கோல், இரண்டு மிருகங்கள், பந்தம் பிடித்த ஊர்மக்கள், அவ்வளவுதான். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே வந்து குடில் பற்றிய மடலில் கையெழுத்திட்டார். அங்கே கூடியிருந்த எல்லோருமே அந்தக் காட்சியை வாழ்ந்தார்கள் என்று அதில் அவரும் சொல்கிறார். தொட்டியில் உயிரற்றதுபோல் கிடந்த ஒரு குழந்தையைப் புனித பிரான்சிஸ் போய் உறக்கத்திலிருந்து எழுப்புவதாக அந்த 1223 இரவில் நல்லவர் ஒருவர் காட்சி கண்டார். செலானோ அதை விளக்கும்போது, பலருடைய உள்ளத்தில் மறந்துபோய்க் கிடந்த இயேசு அவர் வழியாக விழித்தெழுந்தார் என்கிறார். நாடகம் மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

கிரெச்சோ மக்கள் 1970-களிலிருந்து அந்த இரவை ஆண்டுதோறும் நடித்துக்காட்டுகிறார்கள். டிசம்பர் 24 தவிர, அதையடுத்த சில நாட்களிலும் நடக்கிறது. நாங்கள் பார்த்தது அப்படி ஒரு மாலையில். பதின்மூன்றாம் நூற்றாண்டு உடையில் ஊர்க்காரர்கள், கையில் பந்தங்கள், பிரான்சிஸ் இந்த மலைக்கு வந்தது, ஜொவான்னியைக் கண்டது, கடைசியாகத் தொட்டியின் இரவு. இத்தாலியன் எனக்குப் புரியாது. புரியாதது குறையாகவும் தெரியவில்லை, கதைதான் தெரியுமே. முடிந்ததும் பந்தம் பிடித்து வந்த ஒரு பெரியவரிடம் என் தங்கை பேச்சுக்கொடுத்தாள். வாலிப வயதிலிருந்து வருகிறாராம். உங்களுக்கு என்ன பாத்திரம் என்று கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள்: "பாத்திரமெல்லாம் ஒண்ணும் இல்லையாம் அண்ணே. அன்னைக்கு இங்க நின்ன ஊர்க்காரங்கள்ல ஒருத்தராம்."

எனக்கு எங்கள் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

எங்கள் நாடகத்துக்குப் பசுவும் கன்றும் தருகிறவர் பக்கத்துத் தெரு விவசாயி. இந்துக் குடும்பம். அவர் இல்லாமல் பசு மேடைக்கருகில் நிற்காது, அதனால் அவரும் தலையில் துண்டோடு குடிலுக்குள்ளேயே நின்றுவிடுவார். ஒத்திகைக்கும் வருவார். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் எங்கள் பிள்ளைகளைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும். கார்த்திகை பிறந்துவிட்டால், "நம்ம லட்சுமிக்கு இந்த வருசமும் வேசம் உண்டுல்ல?" என்று என்னைக் கேட்பார். மாடு என்று லூக்கா எழுதவில்லை, அது எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து குடிலில் நின்றுகொண்டது. தன் எசமானனை அறிகிற காளை என்கிறார் இறைவாக்கினர். பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் குழந்தை சுரூபத்தைப் பார்க்கும் பார்வை எனக்கு எத்தனையோ மறையுரைக்குச் சமம்.

ஏரோது அரசனாக நடிப்பவருக்குக் கணீரென்ற குரல். குழந்தைகளைக் கொல்ல உத்தரவிடும் வசனத்தை அவர் சொல்லும்போது முன்வரிசைச் சிறுசுகள் அழுதுவிடும். நாடகம் முடிந்து பல நாள் தெருவில் அவரைக் கண்டால் ஓடும். அதனால் மனது கஷ்டப்பட்டவர், ஏரோது கொன்ற பிள்ளைகளை நினைவுகூரும் டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள் திருப்பலிக்குத் தவறாமல் வர ஆரம்பித்தார். கிறிஸ்மஸ் களைப்பில் அன்று காலை கோயிலில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள் இருப்பார்கள். இப்போது அவர் தன் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

மரியாவாக நின்ற ஒரு பெண்ணின் கையில் ஒருமுறை பொம்மைக்குப் பதில் நிஜக் குழந்தையைக் கொடுத்தோம். ஒரு மாதக் குழந்தை, தாய் திரைக்குப் பின்னாலேயே நின்றாள். அது வீறிட்டு அழுதது. அந்தப் பெண் வசனத்தை விட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள். சூசையாக நின்ற பையனும் என்ன செய்வதென்று தெரியாமல் தன் மேல்துண்டை எடுத்துப் போர்த்தினான். எந்த ஒத்திகையிலும் வராத காட்சி அது. ஜெபமாலையில் இயேசுவின் பிறப்பைத் தியானிக்கும் மகிழ்ச்சியின் மூன்றாம் மறைபொருள் வரும்போதெல்லாம் தோளில் அந்தக் கனம் தெரிகிறது என்று அவள் பிறகு சொன்னாள். இன்று அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

என் கதை சின்னது. இடையர்களுக்கு வசனமே கிடையாது. வானதூதர்கள் பாடும்போது பயந்து தரையில் விழ வேண்டும், அப்புறம் எழுந்து ஓட வேண்டும். ஆனால் உன்னதங்களிலே பாடலை நான் கேட்கும் விதம் அன்றோடு மாறிவிட்டது. அது முதலில் இடையர்கள் காதில் விழுந்த பாட்டு. கிடைக்குக் காவல் இருந்த ஆட்களுக்குப் பாடப்பட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக்கால ஞாயிறுகளில் அதைப் பாடாமல் விட்டு, கிறிஸ்மஸ் இரவில் மணி அடித்து, குடிலின் திரையை விலக்கி மறுபடி தொடங்குவோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு வருடமும் என் முழங்கால் தானாக மண்ணைத் தேடுகிறது. கல்யாணமாகி, அப்பாவை அடக்கம் செய்து, வேலை இல்லாமல் இருந்த கிறிஸ்மஸிலும் அது தப்பவில்லை.

கிரெச்சோவின் வைக்கோலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அந்த இரவுக்குப் பிறகு மக்கள் அதைப் பத்திரப்படுத்தினார்கள். நோயுற்ற கால்நடைகள் அதைத் தின்று குணமாயின என்றும், பிரசவ வேதனையில் துடித்த பெண்கள் அதை உடம்பில் வைத்து நலமாகப் பிள்ளை பெற்றார்கள் என்றும் செலானோ எழுதுகிறார். மாட்டுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்தான் முதலில் பலன் போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஊர் திரும்பியதிலிருந்து ஒரு யோசனை என்னை விடவில்லை. எங்கள் கோயிலில் நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும் ஆண்களில் பாதிப்பேர் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்பவர்கள். வருடக்கணக்காக அப்படித்தான். இந்த வருடம் இடையர் வேடத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெளியே நிற்கிறவர்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு விளக்கைக் கொடுத்து, வானதூதர் பாட்டு முடிந்ததும் அவர்களையே நடுவழியாகக் குடிலுக்கு வரச்சொல்லப் போகிறோம். வேடம் வேண்டாம், வேட்டி சட்டையே போதும். பங்குத்தந்தை உடனே சரி என்றார். பந்தல் ஓலையால் ஆனது, அதனால் தீப்பந்தம் மட்டும் கூடவே கூடாது, அரிக்கேன் விளக்கு என்றால் சம்மதம் என்றார். யார் யார் வீட்டுப் பரணில் பழைய அரிக்கேன் கிடக்கிறது என்று இப்போது தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பசுக்காரர் வீட்டில் மட்டும் இரண்டு கிடைத்தன.