கத்திரி வெயிலில் மல்பெரியும் களாவும்

மே 4 (சித்திரை 21)

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. காட்பாடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் இரண்டு மல்பெரிச் செடிகளிலும் காய்கள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறத் தொடங்கியிருக்கின்றன. மார்ச் முதல் வாரத்தில் இலைகளையெல்லாம் உருவிவிட்டுக் கிளைகளைக் கவ்வாத்து செய்தபோது, ‘வெயில் காலத்தில் செடியை மொட்டையடிக்கலாமா’ என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மல்பெரி புதுத் தளிரின் கணுக்களில்தான் காய்க்கும். கவ்வாத்து செய்து தண்ணீர் காட்டினால் எட்டு வாரத்தில் பழம் பார்க்கலாம் என்பது ஐந்து வருடங்களில் நான் கற்றுக்கொண்டது. பட்டுப்பூச்சிக்கு இலை வேண்டி வளர்ப்பவர்களுக்குப் பழம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கோ இலை ஒரு பொருட்டில்லை.

மே 8

விடியற்காலை ஐந்தரை மணிக்கே பறிக்க வேண்டியிருக்கிறது. ஏழு மணியைத் தாண்டினால் பழம் வெயிலில் துவண்டு கையில் நசுங்கிவிடுகிறது. அதற்குள் கொண்டைக்குருவிகளும் தங்கள் பங்கை முடித்துவிடுகின்றன. பழைய புடவையைச் செடியடியில் விரித்துக் கிளையை மெதுவாக உலுக்கினால் கறுத்துப் பழுத்தவை தாமாக உதிர்கின்றன. சிவப்பாக இருப்பதைப் பறித்துவந்து பழுக்க வைக்கலாம் என்று நினைப்பது வீண். செடியில் பழுக்காத மல்பெரி அதன் பிறகு இனிப்பதே இல்லை. இன்று நானூறு கிராம் கிடைத்தது. பேரன் தின்றது கணக்கில் சேராது.

கைக்கறையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் ஊதா நிறம் நீலமாகிவிடுகிறது. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் மறுபடியும் சிவக்கிறது. எலுமிச்சையின் புளிப்புக்கும் சோப்பில் உள்ள காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும் சாயம் அது. ‘ஆயா, மந்திரம்’ என்று பேரன் இதையே மூன்று முறை செய்து காட்டச் சொன்னான்.

மே 16

நாள்தோறும் கிடைத்ததைக் காம்பு கிள்ளி ஃப்ரீசரில் சேர்த்துவந்தேன். இரண்டு கிலோவை எட்டியிருந்தது. நேற்று இரவு மின்சாரம் நான்கு மணி நேரம் இல்லாமல் போனதில் மேலிருந்த பழங்கள் இளகிச் சாறு விட்டிருந்தன. இளகியதை மறுபடி உறைய வைக்க மனமில்லை. நாளைக்கே ஜாம் காய்ச்சிவிடுவதென்று முடிவு செய்தேன்.

மே 17

சென்ற ஆண்டு மல்பெரியையும் சர்க்கரையையும் மட்டும் போட்டுக் காய்ச்சியது ஜாமாகவே இல்லை. பாட்டிலைச் சாய்த்தால் ஓடியது. அதைத் தண்ணீரில் கரைத்துச் சர்பத்தாகக் குடித்துத் தீர்த்தோம். மல்பெரியில் பெக்டின் (ஜாமை உறையவைக்கும், பழத்திலேயே இருக்கும் பசை) குறைவு, புளிப்பும் குறைவு; இவை இரண்டும் இல்லாமல் சர்க்கரை உறையாது. கடையில் பெக்டின் தூள் வாங்கலாம்தான். ஆனால் வேலியோரம் முள்ளோடு நிற்கும் களாச்செடியில் அவை இரண்டும் ஏராளமாக இருக்கும்போது எதற்காக வாங்க வேண்டும்? பழுத்த களாவைவிடக் காயில்தான் பெக்டின் அதிகம். மே மாதத்தில் அது காயாகவே இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

அரைக் கிலோ களாக்காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாலைப் போக்கினேன். அந்தப் பால் கத்தியிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டால் தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். பிறகு காயை இரண்டாக நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு இருபது நிமிடம் வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். அவசரப்பட்டுப் பிழிந்தால் சாறு கலங்கிவிடும். பெக்டின் போதுமா என்று அறிய, வடிந்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்து இரண்டு கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிப் பார்த்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினாற்போல் ஒரே கட்டியாகத் திரண்டது. பெக்டின் குறைந்த சாறாக இருந்தால் துணுக்குத் துணுக்காகவே பிரியும். பார்த்தவுடன் அதைக் கொட்டிவிட வேண்டும், நாக்கில் வைக்கக் கூடாது.

எவர்சில்வர் குண்டானில் (பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது) இரண்டு கிலோ மல்பெரியை மசித்துக் கொதிக்கவிட்டு, களாச்சாற்றையும் ஒன்றரைக் கிலோ சர்க்கரையையும் சேர்த்தேன். சர்க்கரையை முதலிலேயே கொட்டினால் நெடுநேரம் அடுப்பில் நின்று நிறம் மங்கிப்போகும் என்பதால் பழம் வெந்து குழைந்த பிறகுதான் போட்டேன். வெப்பமானி 105 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் பதம் பார்த்தேன்: கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழாமல் ஓரத்தில் கூடித் தகடாகத் தொங்கி விழுந்தது. இதுதான் பதம். ஐந்து அரைக் கிலோ பாட்டில்கள் நிறைந்தன. பாட்டில்கள் வேலூர் லாங்கு பஜாரில் வாங்கியவை; நிரப்புமுன் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, அதன்மேல் நிறுத்திப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். ஒன்றை மட்டும் ஈரம் வடியுமுன்பே நிரப்பிவிட்டேன்.

மே 28

கத்திரி முடிந்தது. மல்பெரியும் ஏறக்குறைய முடிந்தது.

ஜூன் 21 (ஆனி 7)

கொல்லை மூலையில் உள்ள நாவல் உதிரத் தொடங்கிவிட்டது. இரவில் வௌவால்கள் பாதிக்குமேல் கொண்டுபோகின்றன. கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கீழே வலை கட்டி, மூன்று கிலோ சேர்த்தோம். இதில் ஜாமை விட ஸ்குவாஷ்தான் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புச் சாறு) நன்றாக வரும். பழத்தைக் கொஞ்சம் தண்ணீரோடு சூடுபடுத்தி, கொதிவருமுன் இறக்கிப் பிசைந்து வடிகட்டினால் துவர்ப்புக் குறைகிறது. ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை, முக்கால் லிட்டர் தண்ணீர், 30 கிராம் சிட்ரிக் அமிலம். கெடாமலிருக்க எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை இதில் போடக் கூடாது. நாவலின் நிறத்தையே வெளுத்துவிடும். சோடியம் பென்சோயேட் இரண்டு கிராம் போதும், அதுவும் புளிப்பு இருந்தால்தான் வேலை செய்யும்.

ஜூன் 29

ஈரத்தோடு நிரப்பிய அந்த ஒரு பாட்டிலில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்றார் அத்தை. அவர் காலத்து ஊறுகாய் ஜாடிப் பழக்கம் அது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை என்பதால் முழுவதையும் குப்பையில் போட்டேன். மற்ற நான்கில் ஒன்றைத் திறந்து இட்லித் தட்டில் கவிழ்த்தபோது, பாட்டிலின் வடிவத்தோடு அசையாமல் நின்றது. வேலியில் மிஞ்சியிருக்கும் களாக்கள் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன.