பசங்க ஏன் உடைக்கிறாங்க?

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்தால் கழிப்பறைப் பொறுப்பும் தானாக வந்து சேரும். விசில் வைத்திருப்பவனுக்குத்தான் பசங்க பயப்படுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. மிரட்டி எதுவும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. உடைந்ததை உற்றுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு கதவின் கீழ்ப்பகுதியில் ஓட்டை. 'ரவுடிப் பசங்க' என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஓட்டையின் பிசிறெல்லாம் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. உதை உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது. விசாரித்தால் எட்டாவது படிக்கும் பையன்: "உள்ள மாட்டிக்கினேன் சார். எவ்ளோ கத்தியும் யாரும் வரல." கடல் காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது.

குழாயின் கதையும் இப்படித்தான். இன்டர்வெல்லில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து டேங்க்கைக் காலி செய்துவிடுவார்கள். அடுத்து வருபவன் திருகிப் பார்த்து, தண்ணீர் இல்லையென்று திறந்தபடியே போய்விடுவான். மோட்டார் போட்டதும் அது பாட்டுக்கு ஓடும். வாஷர் தேய்ந்திருக்கும், இன்னொருவன் பலம் கொண்ட மட்டும் இறுக்குவான், மரை போய்விடும். கடைசியில் எவன் கையோடு குழாய் வருகிறதோ அவன் பெயர்தான் எச்.எம். மேசைக்குப் போகும்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சமாசாரம் வேறு. அங்கே பித்தளைக் குழாய் காணாமல் போவது கோபத்தால் இல்லை, காயலான் கடையில் எடைக்கு எடை காசு. பிளாஸ்டிக் குழாயை யாரும் சீண்டுவதில்லை.

பெண் பிள்ளைகள் பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதையும் 'சேதம்' என்றே பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நாப்கின் போட மூடி வைத்த கூடை கிடையாது, பிள்ளைகள் எங்கே போடுவார்கள்? தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. கூடையும் தாழ்ப்பாளும் நம் பாடு.

1982-இல் வில்சன், கெல்லிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள், உடைந்த ஒரு ஜன்னலை அப்படியே விட்டால் மற்றவையும் உடையும் என்று எழுதினார்கள். சுவர்க் கிறுக்கலுக்கு இது பொருந்தும். அன்றே அழித்தால் பக்கத்தில் இன்னொன்று முளைப்பது குறையும். முதல் ஜன்னல் ஏன் உடைந்தது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். ஒரே ஆசிரியரின் பெயர் சுவர் முழுக்க வசவோடு இருந்தால், பெயின்ட் வாங்குவதற்கு முன் அவர் வகுப்பை எட்டிப் பார்ப்பது நல்லது.

தண்டனையாகக் கழிப்பறையைக் கழுவ வைக்கும் யோசனையை யாராவது எடுத்தால் நான் கறாராக மறுத்துவிடுவேன். அதற்கு எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் முதலில் வரும் என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என் கோரிக்கை ஒன்றுதான். இன்டர்வெல் மணிக்கு முன்னால் மோட்டார் போட வேண்டும். சுவிட்ச் இருக்கும் அறைச் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம், அவர் அந்த நேரத்தில் டீக்கடையில். டீ நேரத்தை மாற்றச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.